கீழ் ரூமுக்குப் போன அக்காவுக்கு

அக்கா,

நீங்க மாடியில இருந்து பொட்டியத் தூக்கிட்டு எறங்கி மூணு வாரம் ஆகுது. படிக்கட்டுல பாத்தா "சாப்ட்டீங்களா"ன்னு நீங்க தான் மொதல்ல கேக்கறீங்க, நான் தலைய ஆட்டிட்டு ஆபீஸ் கேப் வந்துருச்சுன்னு ஓடிடறேன். நேர்ல சொல்ல வாய் வரல, அதான் எழுதறேன்.

ஏசி விஷயம் தான். மே மாச வெயில், மேற்கு மாம்பலம், நாலு பேர் ரூம், ஃபேன் போட்டா அனல் தான் வருது. ஏசின்னா ஆளுக்கு 1,500 ஏறும், கரண்ட்டுக்கு தனி மீட்டர்னு வார்டன் சொன்னாங்க, நாங்க மூணு பேரும் ஓகேன்னுட்டு அப்புறமா தான் உங்க பக்கம் திரும்பினோம். "நீங்க போட்டுக்கோங்க, எனக்கு ஏசி ஒத்துக்காது, சளி புடிக்கும், கீழ ஆறு பேர் ரூம்ல ஒரு கட்டில் காலியா இருக்காம்"னு சிரிச்சிட்டே சொன்னீங்க. நானும் நம்பிட்டேன் அக்கா. நாள் பூரா உஸ்மான் ரோட்ல ஏசி ஷோரூம்ல நின்னு பொடவை விரிச்சுக் காட்டுறவங்களுக்கு ராத்திரி மட்டும் எப்படி சளி புடிக்கும்னு ரெண்டு நாள் கழிச்சு தான் ஒறைச்சுது.

அப்புறம் ஒவ்வொண்ணா ஞாபகம் வருது. பத்தரைக்கு துரைசாமி சப்வே வழியா நடந்து வந்து, தரையில படுத்து ரெண்டு காலையும் செவுத்துல தூக்கி வச்சுப்பீங்க, கணுக்கால் வீங்கி செருப்பு வார் தடம் அப்படியே பதிஞ்சிருக்கும். ஒரு தடவ நான், கடையில வேல செய்யறவங்களுக்கு உக்கார எடம் குடுத்தே ஆகணும்னு நம்ம ஊர்ல 2021லயே சட்டம் திருத்தினாங்களே, கேரளால 2018லயே வந்துச்சேன்னு பெருசா பேசினேன். "ஸ்டூல் இருக்குங்க, உக்காந்தா சூப்பர்வைசர் ஒரு பார்வ பாப்பார்"னீங்க. எனக்கு அப்படி கோவம் வந்துச்சு. ஆனா நம்ம ரூம்ல இருந்த ரெண்டு சேர்லயும் எங்க லேப்டாப் பேக் தான் இருந்துச்சு, எட்டு மாசமா. அத எடுத்து வச்சு உக்காருங்கக்கான்னு நான் ஒரு நாள் கூட சொன்னதில்ல.

உங்களுக்கு லீவு செவ்வாக்கிழம. பீச், பிரியாணி, பர்த்டே எல்லாம் நாங்க சனி ஞாயிறுலயே போட்டோம். கூப்பிட்டோமே, அவங்க தான் வரலன்னு வேற பேசிக்கிட்டோம்.

இன்னொண்ணு, இது தான் ரொம்ப உறுத்துது. எங்களுக்குள்ள வாடி போடி, உங்கள மட்டும் அக்கா. மரியாதன்னு தான் நெனச்சேன். ஆனா ஆபீஸ்ல என்ன விட பத்து வயசு பெரிய மேனேஜர நான் பேர் சொல்லி தான் கூப்பிடறேன். இந்த ஹாஸ்டல்ல நான் அக்கான்னு கூப்பிடறது மூணே பேர: சமைக்கிறவங்க, பாத்ரூம் கழுவுறவங்க, நீங்க. அவங்க ரெண்டு பேரோட பேரும் எனக்குத் தெரியாது. உங்க பேரையே ரெஜிஸ்டர்ல பாத்து தான் தெரிஞ்சுகிட்டேன். நீங்க எங்க மூணு பேரையும் வாங்க போங்கன்னே கூப்பிட்டீங்க, உங்கள விட ஆறு வயசு சின்னவளான என்ன ஒரு தடவ தூக்கத்துல எழுப்புறப்போ "மேடம்"னு கூட.

திரும்ப மேல வாங்கன்னு கூப்பிட மாட்டேன், அந்த 1,500 அப்படியே தான் இருக்கு. வர்ற செவ்வாக்கிழம நான் லீவு போட்டுருக்கேன். எங்கயும் போகணும்னு இல்ல, நீங்க தூங்கி எந்திரிச்சதும் கீழ வரேன், உங்க கட்டில்ல உக்காந்து டீ குடிப்போம்.

அன்னிக்கு நான் வரலன்னா வந்து எழுப்புங்க. மேடம்னு மட்டும் கூப்பிடாதீங்க.