ரெய்கிக்குப் போங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உடம்பில் கை வைத்து நோய் தீர்ப்பதாகச் சொல்லும் ரெய்கி முறையின் நன்மைகள் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். நான் வேலூர் பக்கம் வார்டுகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செவிலியர். கட்டுரையில் சொன்னதில் பாதியை நம்புகிறேன். மீதிப் பாதி எனக்குப் பயத்தைத் தந்தது.

ரெய்கி எடுத்துக்கொண்டவர்கள் உடம்பு லேசாகிவிட்டது, இரவு நன்றாகத் தூங்கினேன் என்று சொல்வது பொய் கிடையாது. அமைதியான அறையில் கண்ணை மூடிப் படுத்திருக்கிறோம். ஒருவர் அவசரமே இல்லாமல் தலையிலும் தோளிலும் கை வைக்கிறார். மூச்சு நிதானமாகிறது, மனப் பதற்றம் தணிகிறது. விடியற்காலையில் தண்ணீர் பிடித்து, சமைத்து, அப்புறம் பொழுது சாயும்வரை பீடி சுற்றும் குடியாத்தத்துப் பெண்ணுக்கு வீட்டில் யார் அப்படி ஒரு மணி நேரம் தருகிறார்கள்? மேல்விஷாரம், ஆம்பூர் பள்ளிவாசல்களின் வாசலில் மாலைத் தொழுகை முடியும் நேரத்தில் கைக்குழந்தையோடு தாய்மார்கள் காத்து நிற்பார்கள். எல்லா மதத்தவரும் அதில் உண்டு. தொழுதுவிட்டு வருபவர்கள் குழந்தைக்கு ஓதி ஊதியதும் முதலில் தெளிவது தாயின் முகம்தான். அந்தத் தெளிவை நான் மதிக்கிறேன்.

ஆனால் கையிலிருந்து ஒரு சக்தி பாய்ந்துதான் இது நடக்கிறது என்று கட்டுரை அடித்துச் சொல்கிறது. ஜப்பானில் மிக்காவோ உசுயி 1922-ல் இந்த முறையைத் தொடங்கினார். இன்றுவரை அந்தச் சக்தியை எந்தக் கருவியும் அளந்து காட்டவில்லை. அமெரிக்காவில் புற்றுநோய்க்குக் கீமோ மருந்து ஏற்றிக்கொண்ட 189 பேரை வைத்து நடந்த ஆய்வு 2011-ல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு முறையான ரெய்கி கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு ரெய்கி போலவே பாவனையாகக் கை வைத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். முதல் இரண்டு பிரிவுக்குமே மனம் தேறியது, அசௌகரியம் குறைந்தது. உடம்பு முழுக்க வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகள் 100 பேரிடம் நடத்தி 2008-ல் வெளியிட்ட ஆய்விலோ, ரெய்கியால் வலி குறையவே இல்லை.

அந்த 2011 ஆய்வை நான் சந்தோஷமான செய்தியாகவே எடுத்துக்கொள்கிறேன். பயிற்சிக்கும் பட்டத்துக்கும் பணம் கட்டாத ஒரு கையும் அந்த ஆறுதலைத் தரும் என்றுதானே அதற்கு அர்த்தம்? ஊசி போடும் முன் தோளில் கை வைத்து இரண்டு வார்த்தை பேசினால் நோயாளியின் இறுகின கை தளர்வதை எந்த செவிலியரும் பார்த்திருப்பார். வேலூர் லாட்ஜ்களில் வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் சிகிச்சைக்கு வந்து, ரிப்போர்ட்டுக்காகக் காத்துக் கிடக்கும் குடும்பங்களைப் பார்க்கிறேன். நோயாளியின் பக்கத்தில் மகனோ மருமகளோ உட்கார்ந்து காலைப் பிடித்துவிடட்டும். அதற்கு யாரிடமும் தீட்சை வாங்க வேண்டாம்.

சரி, எனக்கு ஏன் பயம்? கட்டுரையின் கடைசியில் சர்க்கரை நோயும் குணமாகும் என்று ஒரு வரி வருகிறது. எங்கள் தெருவில் ஓர் அக்கா, ரெய்கி வகுப்பில் யாரோ சொன்னதைக் கேட்டு சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார். காலில் வந்த சின்னப் புண் ஆறாமல் கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. வலிக்காக ரெய்கிக்குப் போனதில் அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. மாத்திரை வேண்டாம் என்று சொன்னவர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. மந்திர சக்தியால் சர்க்கரை நோயும் புற்றுநோயும் தீரும் என்று விளம்பரம் செய்வதை 1954-லேயே சட்டம் போட்டுத் தடுத்த நாடு இது. பத்திரிகைக் கட்டுரையில் மட்டும் அந்த வரி எப்படி வரலாம்?

ஆகவே, அடுத்த இதழில் அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். ரெய்கி எடுத்துக்கொள்பவர்களும் இன்சுலினையோ பிரஷர் மாத்திரையையோ டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்று எழுதுங்கள். காசநோய் மருந்தைப் பாதியில் விட்டால் அந்த மருந்துக்கே கட்டுப்படாத நோயாக மாறக்கூடும் என்பதையும் சேருங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். இது தெரியாதவர்கள் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள், அதையும் நாலு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
காட்பாடி.