பெடல் கேட்ட மகளுக்கு

கண்ணு,

நீ அனுப்பிய போட்டோவைக் கடையில் வைத்தே பெரிதாக்கிப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே, சரியாக முன்னெலும்பு மேலே, வரிசையாக ஐந்து ஓட்டை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினால், நாய் கடித்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டாள். நாய் இல்லை, சைக்கிள் பெடல் என்று புரிய வைப்பதற்குள் சோறு ஆறிப்போனது.

கூட ஓட்டுகிறவர்கள் எல்லோரும் ஷூவோடு மாட்டிக்கொள்கிற பெடலுக்கு மாறச் சொல்கிறார்கள், மாறட்டுமா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், அப்புறம் உன் இஷ்டம்.

அதே போட்டோவின் ஓரத்தில் உன் ஷூ தெரிகிறது. ஓட்டப் பயிற்சிக்கு வாங்கியது. அடி பஞ்சு மாதிரி, பள்ளமும் மேடுமாக இருக்கும். பெடல் மேல் முள் மாதிரி நிற்கிற குட்டிப் பின்கள் (உன் காலில் ஓட்டை போட்டவை) பள்ளத்தில் விழுந்தால் பிடிக்கும். மேட்டில் பட்டால் வழுக்கும். நீ ஓட்டுகிற வட வான்கூவர் காட்டில் மழையில் ஊறிய தேவதாரு வேர்கள் வேறு. வழுக்காமல் என்ன செய்யும்? நீ இப்போது மிதிக்கிற, ஷூவை மாட்டாத ஃபிளாட் பெடலுக்கென்றே ஷூ விற்கிறார்கள். அடி தட்டையாக, ரப்பர் கையில் ஒட்டுகிற மாதிரி மெத்தென்று இருக்கும், ஆனால் மொத்த ஷூ விறைப்பாக இருக்கும். காசை முதலில் அதில் போடு. என் கடைக்கு வருகிறவர்களும் இப்படித்தான், பெடலை மூன்று தடவை மாற்றுவார்கள், ஷூவைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

அடுத்தது பெடல். உனக்கு யாரோ கொடுத்த பழசு ரொம்பக் குறுகல். நீளமும் அகலமும் சுமார் 10 செ.மீ. இருக்கிறதாகப் பார். நடுவில் லேசாகக் குழிந்திருக்க வேண்டும், பின்கள் ஒவ்வொன்றும் தனியாகக் கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்க வேண்டும். அலுமினியமா நைலானா என்று குழம்பாதே, நைலானே வாங்கு. விலை குறைவு, பாறையில் உரசினாலும் கவ்வாமல் வழுக்கிப் போய்விடும்.

கால் வைக்கிற இடம்தான் முக்கியம். வாடகை சைக்கிளில் குரங்கு பெடல் போட்டுப் பழகியவள் நீ. இன்னமும் நுனிக்காலில்தான் மிதிக்கிறாய், வீடியோவில் பார்த்தேன். பெடலின் அச்சு, பெருவிரலுக்குக் கீழே இருக்கிற மேட்டுக்குக் கொஞ்சம் பின்னால் வரட்டும். இறக்கத்தில் குதிகாலைக் கீழே இறக்கு. வேரில் சக்கரம் ஏறி வண்டி தூக்கிப் போடும்போது கால் மேலே எகிறாது, பெடலுக்குள் அழுந்தும். இதைக் கால் கற்றுக்கொள்ளத்தான் ஃபிளாட் வேண்டும் என்கிறேன். மாட்டிக்கொண்டு ஓட்டினால் கால் எப்படியும் பெடலிலேயே இருக்கும், தப்பு வெளியே தெரியாது.

அதற்காக மற்றதைக் குறை சொல்லவில்லை. ஜப்பான் கம்பெனி ஷிமானோ 1990இல் எஸ்பிடி என்கிற மாட்டுகிற பெடலைக் கொண்டுவந்ததிலிருந்து காட்டுப் பந்தயக்காரர்கள் பெரும்பாலும் அதில்தான் ஓட்டுகிறார்கள். மேடேறும்போது சுகம். (காலைப் பூட்டுகிற பெடலுக்குக் கிளிப்லெஸ் என்று பெயர்! பழைய கம்பிக் கூண்டு போனதால் வந்த பெயராம்.) ஆனாலும் ஆஸ்திரேலியாவின் சாம் ஹில் ஃபிளாட்டிலேயே 2007, 2009, 2010 டவுன்ஹில் (மலையிறக்கப் பந்தயம்) உலகப் பட்டங்களை ஜெயித்தார்.

ஒருநாள் மாறுவாய், தெரியும். அப்போது ஷிமானோவில் எஸ்ஹெச்56 கிளீட் (ஷூவுக்கு அடியில் பெடலோடு பூட்டுகிற தகடு) கேட்டு வாங்கு. எஸ்ஹெச்51 குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் விடும். 56 வேறு கோணங்களில் இழுத்தாலும் விடும். பெடலின் ஸ்பிரிங்கை நன்றாகத் தளர்த்தி வை. கிளீட்டைப் பிடிக்கிற இரண்டு போல்ட்டையும் அடிக்கடி பார். ஒன்று விழுந்துவிட்டால் கிளீட் ஷூவுக்கு அடியிலேயே சுற்றும், நீ எவ்வளவு திருப்பினாலும் கால் வராது. எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் லாலி ரோடு சிக்னலில் நின்றபடியே சாய்ந்து விழுந்தார். அங்கே தார் ரோடு. உங்கள் ஊரில் மரப்பாலம்.

புதுப் பெடலை நீயே மாட்டு. வலதுக்கு வழக்கமான மரை, இடதுக்கு எதிர் மரை. இரண்டுமே வண்டியின் முன்பக்கமாகச் சுற்றினால் இறுகும், அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். மரையில் கிரீஸ் தடவி, முதல் மூன்று நான்கு சுற்று கையால்தான். சிக்கினால் கழற்றி மறுபடி வை. அப்புறம் 15 எம்எம் ஸ்பேனரோ ஆலன் கீயோ போடு.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நான் இடது பெடலை வலது மாதிரி நினைத்து, ஸ்பேனர் மேல் ஏறி நின்று முறுக்கினேன். பெடலை மாட்டுகிற தண்டு, அதாவது கிராங்கின் மரை முழுக்க வழித்துக்கொண்டு வந்தது. முதலாளி ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்தக் கிராங்கைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். நான் ஒன்பது வருடம் கழித்துச் சொந்தக் கடை போடக் கிளம்பியபோதும் அது அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது.

ஷூ வாங்கியதும் அடியைப் போட்டோ எடுத்து அனுப்பு. டி.டி. ஊசி போட்டாயா என்று அம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டாள். பதிலை அவளுக்கே நேராகச் சொல்லிவிடு.

அப்பா