காடர் குடியிருப்புகளில் தன்னார்வலர்களுக்கு உள்ள வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறை நாள்களில் ஆனைமலைப் பழங்குடிக் குடியிருப்புகளுக்குச் சென்று தொண்டாற்ற விரும்பும் கல்லூரி மாணவர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்து மகிழ்ந்தேன். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், அங்கு வாழும் பழங்குடியினரான காடர்களின் வன உரிமைக்காகப் பணியாற்றும் ஒரு தொண்டு நிறுவனத்தில் இரண்டு ஆண்டுகள் தன்னார்வலராக இருந்தவன் என்ற முறையில், அங்கு உண்மையில் தேவைப்படும் உதவி எது என்பதைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

போர்வையும் பழைய துணியும் கொடுப்பதும், மழைக்காட்டுக்குள்ளேயே வாழ்கிறவர்களிடம் மரம் நடுவதன் அவசியத்தை எடுத்துரைப்பதும் அவர்கள் யாரிடமும் கேட்காதவை. அவர்கள் கேட்பது எழுத்து வேலைக்கு ஆள். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், குடியிருக்கும் நிலத்துக்கும் பயிரிடும் நிலத்துக்கும் பட்டா, தேன், குங்கிலியம் முதலான சிறு வன மகசூல் மீது உடைமை, வழிவழியாகப் பயன்படுத்திவரும் காட்டைக் காத்து நிர்வகிக்கும் சமூக உரிமை ஆகியவற்றை வழங்குகிறது. தமிழ்நாட்டில் நீதிமன்ற உத்தரவால் 2016 வரை தாமதப்பட்ட, இவ்வுரிமைகளை வழங்கும் பணியில், சமூக உரிமைக் கோரிக்கைகள்தாம் மிகவும் பின்தங்கியுள்ளன. காரணம், அவற்றுக்கு எல்லை வரைபடம் வேண்டும். அதை மேசையில் அமர்ந்து வரைய முடியாது.

பெரியவர் ஒருவரின் பின்னால் ஜி.பி.எஸ். கருவியோடு நாள் முழுவதும் நடந்தோம். அரசு வரைபடத்தில் பெயரே இல்லாத ஓர் ஓடைக்கு, அது தோன்றும் இடத்தில் ஒன்றும், பாறைக்குக் கீழே ஒன்றும், ஆற்றில் சேரும் இடத்தில் ஒன்றுமாக மூன்று பெயர்களை அவர் சொன்னார். தேன் எடுத்த பாறை, முன்னோரைப் புதைத்த இடம் என்று அவர் காட்டிய ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டோம். முதியோரின் வாக்குமூலத்தை எழுதிப் பதிந்தால் அதுவும் ஒரு சான்றாகும் என்று இச்சட்டத்தின் விதிகள் கூறுகின்றன. ஆனால் அதைப் பிழையின்றி எழுத வேண்டும். சில பெயர்களைக் குடும்ப அட்டையில் உள்ளபடி எழுதாமல் எனக்குச் சரியென்று பட்டபடி நான் எழுதிவிட்டதால், விண்ணப்பங்கள் திரும்பி வந்து அக்குடும்பங்களுக்கு ஐந்து மாதங்கள் வீணாயின. அந்த வருத்தம் இன்றும் எனக்கு உண்டு. ஒரு நாள் வந்து போகிறவர்களை இவ்வேலையில் சேர்க்கத் தயங்குவது இதனால்தான்.

இவ்வுழைப்பு என்ன தரும் என்பதற்கு எல்லைக்கு அப்பால் கேரளத்தில் உள்ள வாழச்சால் வனப்பகுதியைப் பாருங்கள். அங்குள்ள 9 காடர் குடியிருப்புகள் 2014-இல் ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர் காட்டின் மீது சமூக உரிமை பெற்றன. முன்பு இருவாச்சிப் பறவைகளின் குஞ்சுகளைக் கூட்டிலிருந்து எடுத்தவர்களே அங்கு அக்கூடுகளுக்குக் காவலர்களாகியிருக்கிறார்கள். வால்பாறைக்கு அருகே, 2019-ஆம் ஆண்டு மழையில் மண்சரிவால் வீடிழந்த கல்லார்குடி மக்கள், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கான லைன் வீடுகள் வேண்டாம், காட்டுக்குள்ளேயே தெப்பக்குளமேட்டில் இடம் வேண்டும் என்று உறுதியாக நின்று, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் போராடி அதைப் பெற்றார்கள். முடிவு எடுத்தவர்களும் போராடியவர்களும் அவர்களே. வெளியிலிருந்து செல்கிறவர்கள் அவர்கள் சொல்வதை எழுதித் தரலாம். அவர்களுக்காக முடிவு செய்யக் கூடாது.

ஆகவே, நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமோடு நிறுத்திக்கொள்ளாமல், கிராம சபையின் ஒப்புதல் பெற்று, ஒரே குடியிருப்புக்கு ஒரே குழு ஓராண்டு முழுவதும் சென்றுவரக் கல்லூரிகள் ஏற்பாடு செய்ய வேண்டும். வன வரைபடங்களையும் வருவாய்த் துறை வரைபடங்களையும் கிராம சபைக்கு வழங்குவது உரிமைக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் கோட்ட அளவிலான குழுவின் கடமை என்று விதியே கூறியிருந்தும், நான் பணியாற்றிய குடியிருப்பு எழுத்து மூலம் இருமுறை கேட்டும் அவை கிடைக்கவில்லை. அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்குள்ளாவது அவற்றை வழங்குமாறு அதிகாரிகளைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
பொள்ளாச்சி.