நல்ல முகவரிகளுக்குச் சிவப்பு அடிக்கும் உங்கள் சரிபார்ப்புக் கருவி பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். நல்லூரில் கோயிலுக்குக் கிட்ட ஒரு சின்ன விருந்தினர் விடுதி நடத்துகிறோம். தங்கிப் போகிறவர்கள் பெரும்பாலும் ரொறன்ரோ, லண்டன், சூரிச், ஒஸ்லோ என்று போய் இருக்கிற எங்கட ஆட்கள்தான். திருவிழா 25 நாளும், அதிலும் 24ஆம் நாள் தேருக்கும் மறுநாள் தீர்த்தத்துக்கும் அறை கேட்டு அடிபடுவார்கள், அதனால் கொடியேற்றத்துக்குக் கனநாள் முன்பே பழைய விருந்தினர் எல்லோருக்கும் மின்னஞ்சல் போட்டுவிடுவோம். லிஸ்ட் பழசு. போகாத முகவரிகளுக்கு அனுப்பி அதெல்லாம் திரும்பி வந்தால் பிறகு எங்கள் நல்ல கடிதங்களும் ஸ்பாமுக்குள் போய் விழும் என்ற பயத்தில்தான், எந்த மின்னஞ்சல் முகவரி செல்லும், எது செல்லாது என்று பார்த்துச் சொல்லும் உங்கள் சேவைக்கு டொலரில் காசு கட்டினேன்.

சிவப்பில் "செல்லாது" என்று வந்ததை எல்லாம் ஒரேயடியாக நீக்க நீங்களே ஒரு பட்டன் வைத்திருக்கிறீர்கள், அதை அழுத்தினோம். பிறகு ஒஸ்லோவில் இருந்து ஒரு அக்கா வட்ஸ்அப்பில் எடுத்து, "என்ன தம்பி, இந்த முறை எங்களுக்கு ஒண்டும் அனுப்பேல்லை, அறை எல்லாம் குடுத்து முடிச்சிட்டியளோ?" என்று கேட்டார். முடிந்துதான் இருந்தது. வருசாவருசம் குடும்பத்தோடு வந்து அதே மேல்மாடி அறையில் தங்குகிறவர் அவர்.

அவருடைய முகவரியை உங்கள் ரிப்போர்ட்டில் தேடிப் பார்த்தேன். கடைசி நிரலில் அவருடைய மின்னஞ்சல் சேர்வர் உங்கள் கருவிக்குச் சொன்ன பதில் அப்படியே கிடக்கிறது: 451. நாலில் தொடங்கும் பதில் என்றால் "இப்ப ஏலாது, பிறகு வா" என்றுதான் அர்த்தம், அப்படி ஒரு ஆளே இல்லை என்றால் 550 மாதிரி ஐந்தில் தொடங்கித்தான் வரும். முன்பின் தெரியாத இடத்தில் இருந்து வருகிற முதல் தொடர்பை வேண்டுமென்றே இப்படித் திருப்பிவிடுகிற சேர்வர்கள் எத்தனையோ இருக்கின்றன, கிரேலிஸ்டிங் என்று அதற்குப் பெயரே இருக்கிறது, ஸ்பாம் அனுப்புகிறவன் அநேகமாகத் திரும்ப வரமாட்டான், ஒழுங்கான சேர்வர் வரும் என்பதுதான் கணக்கு. மின்னஞ்சல் அனுப்புகிறவர்களுக்கான இணைய விதி ஆவணமான ஆர்எஃப்சி 5321, குறைந்தது அரை மணித்தியாலம் விட்டுத் திரும்ப முயற்சி செய், நாலைந்து நாளாவது கைவிடாதே என்கிறது. நீங்களோ ஒரு தரம் படலையைத் தட்டிவிட்டு, வீட்டில் ஒருத்தரும் இல்லை என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டீர்கள்.

இதைச் சொல்லி எழுதினால் உங்கள் உதவிப் பிரிவில் இருந்து ஒரே வரி: "லிஸ்டைத் திரும்ப ஏற்றிப் பாருங்கள்." ஏற்றினேன், அதற்கும் நான் காசு கட்டி வாங்கிய கிரெடிட்டில் வெட்டினீர்கள், முதலில் சிவப்பாக இருந்த கனக்க முகவரிகள் பச்சையாக மாறிவிட்டன! அப்போ முதல் தரம் நான் கட்டிய காசு எதற்கு?

சரி, பச்சையையாவது நம்பலாமா என்றால் அதுவும் இல்லை. எங்களுக்கு ஆட்களை அனுப்புகிற ஒரு பயண முகவர் நிலையத்தின் முகவரிகள் எல்லாம் பச்சை, அதில் ஒருவர் வேலையை விட்டுப் போய்க் கனகாலம். அந்த டொமைன், அதாவது @ குறிக்குப் பின்னால் வருகிற இடம், எந்தப் பெயருக்குக் கடிதம் வந்தாலும் முதலில் வாங்கிக்கொள்ளும் வகை. சோதித்துப் பார்க்க, வாய்க்கு வந்த எழுத்துகளைச் சேர்த்து அதே டொமைனில் ஒரு முகவரி கொடுத்தேன், அதுவும் பச்சை. இதைப் பிடிப்பது பெரிய வித்தை இல்லையே, இருக்கவே முடியாத ஒரு பெயரைக் கூடவே கேட்டுப் பார்த்து, அதற்கும் 250, அதாவது "சரி", என்று வந்தால் "தெரியாது" என்று போட்டால் போதும். தெரியாது என்று சொல்ல ஏன் இவ்வளவு கூச்சம், 99 சதவீதம் துல்லியம் என்று விளம்பரம் போட்டதாலோ?

@ குறிக்கு முன்னால் + வந்தால் எழுத்துப்பிழை என்கிறீர்கள், அது விதிப்படி சரியான முகவரி, ஜிமெயில் பாவிக்கிறவர்கள் கடிதங்களைப் பிரித்துவைக்க அப்படித் தருவார்கள். அதை விடுவோம்.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது வேறு விஷயத்துக்கு. வைமெயில் என்று முடிந்த ஒரு முகவரியை நீங்களாகவே ஜிமெயில் என்று "திருத்தி" வைத்திருக்கிறீர்கள். வைமெயில் பிழை இல்லை, 2008இல் யாஹூ கொண்டுவந்த டொமைன். அந்த விருந்தினரின் பெயர், வரும் திகதி, விமானம் இறங்கும் நேரம் எல்லாம் இருந்த அறை உறுதிக் கடிதம், அதே பெயரில் ஜிமெயில் வைத்திருக்கிற யாரோ ஒருவருக்குப் போய்விட்டது. அவர் நல்ல மனிசன், "இது எனக்கு வரவேண்டிய கடிதம் இல்லை" என்று பதில் போட்டார். எல்லோரும் அப்படி இருப்பார்களா? பிழை மாதிரித் தெரிந்தால் பக்கத்தில் குறித்துக் காட்டுங்கள், மாற்றுவதும் விடுவதும் எங்கள் பாடு.

இரண்டாம் தரம் வெட்டிய கிரெடிட்டைத் திருப்பித் தரவேண்டும். நாலில் தொடங்கும் பதில் வந்த முகவரிகளை ஒரு நாளாவது இடைவெளி விட்டுவிட்டுச் சோதியுங்கள், அப்பவும் முடிவு வராவிட்டால் சிவப்புக்குள் போடாமல் தனியாக வையுங்கள், அந்த நீக்கும் பட்டன் அதைத் தொடக்கூடாது. உங்கள் கருவி எங்கள் லிஸ்டில் வேறு எந்தெந்த முகவரியை எல்லாம் தானாக மாற்றியது என்ற முழு விபரமும் இந்தக் கிழமைக்குள் வேணும், யார் யாருடைய விபரம் யாரிடம் போனது என்று நான் விருந்தினருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு ஆள் வாசித்துப் பதில் எழுதட்டும். திரும்பவும் அந்த ஒற்றை வரிதான் வருமென்றால் காசை வங்கி மூலம் திருப்பி எடுக்க விண்ணப்பம் போடுவேன், இரண்டு ரிப்போர்ட்டும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

விடுதி நடத்துநர்,
நல்லூர், யாழ்ப்பாணம்