கண்ணால பாத்தியாப்பா?

திருத்துறைப்பூண்டி
25 மே 2025

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. போனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகாமல் நாலு பக்கம் கைப்பட எழுதியிருக்கிறாய் என்றபோதே விஷயம் பெரிது என்று தெரிந்துபோனது. தங்கச்சிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே கத்திரி முடிய இன்னும் மூன்று நாள். கொல்லையில் வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

உன் சின்ன மகள், என் மருமகள், டிகிரி முடித்த கையோடு இதழியல்தான் படிப்பேன் என்று நிற்கிறாள், நீ சொன்னால் கேட்பாள், வேண்டாம் என்று ரெண்டு வரி எழுது என்கிறாய். உன் மச்சான் பட்டதை எல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவன் நீ. உன் அக்கா வளையலை அடகு வைத்து நான் கேமரா வாங்கப் போனபோது கூடவே வந்தவன். அந்தப் பயத்தில் கேட்கிறாய், புரிகிறது. ஆனால் இதற்கு ரெண்டு வரி போதாது. போன மாதத்தோடு பேப்பருக்குச் செய்தி எழுதுவதை நிறுத்திக்கொண்டேன். முப்பத்தேழு வருஷம் ஆறு வரி, எட்டு வரி என்று அளந்து அளந்து எழுதிய கை, இன்றைக்காவது கொஞ்சம் நீட்டி எழுதட்டும்.

உன் பெரியப்பா டீக்கடை ஞாபகம் இருக்கிறதா? பிறவி மருந்தீசர் கோயில் பக்கத்தில், தென்னங்கீற்றுக் கொட்டகை. காலை ஏழு மணிக்குப் பேப்பர்க் கட்டு பிரியும். வயலுக்குப் போகிறவர்கள் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். எனக்குக் குரல் கணீரென்று இருக்கிறது என்று என்னைத்தான் வாசிக்கச் சொல்வார் உன் பெரியப்பா. கூலி ஒரு பொறை, ஒரு டீ. வாசிக்கும்போது நான் பேப்பரை மட்டும் பார்ப்பதில்லை, கேட்கிறவர்கள் முகத்தையும் பார்ப்பேன். மந்திரி பேசினார், கூட்டம் நடந்தது என்றால் பீடி புகைந்துகொண்டே இருக்கும். ஒருத்தன் மாட்டை ஓட்டிக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லை என்று வந்தால், பீடி விரலிலேயே நின்றுவிடும். எந்த வரியில் மனுஷன் நிமிர்கிறான் என்பதை நான் கற்றுக்கொண்டது அந்த பெஞ்சில்தான். அதற்குப் பிறகு யாரும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

1977 நவம்பர் 12. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே புயல் கரை ஏறியது. நமக்குப் பன்னிரண்டு வயசு. பள்ளிக்கூட வராந்தாவில் ராத்திரி முழுக்கக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சில நாள் கழித்துத்தான் பஸ்ஸும் பேப்பரும் வந்தன. கடையில் அன்றைக்கு அவ்வளவு கூட்டம். நான் வாசித்தேன். காற்றின் வேகம், செத்தவர்கள் கணக்கு, சாய்ந்த கம்பங்கள். வாசித்து முடித்ததும் தூணோரம் நின்ற ஒரு கிழவி, "அவ்வளவுதானாப்பா?" என்று கேட்டது. நான் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். வேறு ஒன்றும் இல்லை. "அவ்வளவுதான் ஆத்தா" என்றேன். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டது அந்தக் கிழவி. அதன் வீட்டில் என்ன போனது என்று எனக்குத் தெரியாது. கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு உறைக்கவே பத்து வருஷம் ஆனது.

மன்னார்குடிக் கல்லூரி முடித்து வேலை தேடி அலைந்ததெல்லாம் உனக்குத் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். 1988-ல் நம் ஊர்ப் பேப்பர் ஏஜென்ட் என்னைக் கூப்பிட்டார். அந்தக் காலத்தில் சின்ன ஊர்களில் ஏஜென்டே நிருபராகவும் இருப்பது சகஜம். அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. ஒரு நோட்டும் ஒரு பென்சிலும் கொடுத்தார். "பேனா வேணாம். மழையில மை கரைஞ்சா ஒருத்தன் பேரு போயிடும்." எனக்குக் கிடைத்த பயிற்சி அந்த ஒரு வாக்கியம்தான். வேலையில் சேர்ந்தபோது நான் தஞ்சாவூர் மாவட்ட நிருபர். 1991-ல் நாகப்பட்டினம் மாவட்டமானோம், 1997-ல் திருவாரூர். உட்கார்ந்த நாற்காலி மாறாமலே மூன்று மாவட்டம்.

மருமகளுக்கு இது கதை மாதிரி இருக்கும், சொல்லு. சாயங்காலம் செய்தியை எழுதி, பிலிம் சுருளோடு ஒரு கவரில் போட்டு, மேலே 'பத்திரிகைச் செய்தி, அவசரம்' என்று எழுதி பஸ் கண்டக்டரிடம் கொடுப்போம். பஸ்ஸை விட்டால் அன்றைய செய்தி அன்றோடு செத்தது. பெரிய சம்பவம் என்றால் தந்தி ஆபீசுக்கு ஓட வேண்டும். அப்புறம் ஃபேக்ஸ், அப்புறம் கம்ப்யூட்டர், இன்றைக்கு உள்ளங்கைக்குள் எல்லாம் முடிகிறது. பணம்? வந்த செய்திகளை வெட்டி வெள்ளைத் தாளில் ஒட்டி, ஸ்கேல் வைத்து அளந்து, சென்டிமீட்டர் கணக்குப் போட்டு மாதக் கடைசியில் அனுப்பினால் மணியார்டர் வரும். எனக்கு முதல் மாதம் 63 ரூபாய். கவர் என்ற சொல்லுக்கு எங்கள் தொழிலில் இன்னொரு அர்த்தமும் உண்டு. கூட்டம் முடிந்ததும் பணம் வைத்துக் கையில் திணிப்பார்கள். ஒரு தடவை வாங்கினால் அடுத்த தடவை நோட்டைத் திறக்கும்போது கை தானாகவே நடுங்கும் என்று ஏஜென்ட் சொன்னார். நான் வாங்கவில்லை. வீட்டில் அரிசி இல்லாத நாளில் வாங்காமல் வந்ததற்கு உன் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பெருமை அவளுடையது.

இப்போது உன்னிடம்கூட முழுசாகச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

எழுத ஆரம்பித்த மூன்றாம் வருஷம். ஊருக்கு வடக்கே ஒரு லாரி விபத்து. அண்ணன் தம்பி இருவர் வந்த சைக்கிள்மீது மோதிவிட்டது. ஒருவர் அங்கேயே இறந்துபோனார், இன்னொருவரைத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். பஸ்ஸுக்கு இருபது நிமிஷம்தான் இருந்தது. நான் போகவில்லை. தெரிந்தவர் ஒருவர் போனில் சொன்ன பெயரை எழுதி அனுப்பிவிட்டேன். மறுநாள் காலையில் பேப்பரில் இறந்திருந்தது தம்பி. நிஜத்தில் இறந்தது அண்ணன். தம்பியின் மாமனார் வீட்டார் பேப்பரைப் பார்த்துவிட்டு, முதல் பஸ்ஸில் தலையில் அடித்துக்கொண்டு வந்து இறங்கியிருக்கிறார்கள்.

மத்தியானம் நான் அந்த வீட்டுக்குப் போனேன். வாசலில் பந்தல். மூலையில் பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார். நான்தான் எழுதினேன் என்று சொன்னேன். அடிப்பார்கள் என்று நினைத்துத்தான் போனேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, சத்தமே இல்லாமல், "கண்ணால பாத்தியாப்பா?" என்று கேட்டார். "இல்லைங்கய்யா." அவ்வளவுதான். வேறு எதுவும் கேட்கவில்லை. யாரையோ பார்த்து, "தம்பி வெயில்ல வந்திருக்கு, தண்ணி குடுங்க" என்றார். செம்பை வாங்கினேன். தொண்டையில் இறங்கவில்லை மாப்ளே. மறுநாள் ரெண்டு வரியில் திருத்தம் வந்தது. அந்த ரெண்டு வரியை ஒட்டி அளந்து அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

பெரிய நகரத்தில் எழுதுகிறவனுக்கு வாசகன் முகம் தெரியாது. நமக்கு அப்படி இல்லை. இன்றைக்கு யாரைப் பற்றி எழுதுகிறேனோ அவர் நாளைக் காலையில் அதே டீக்கடையில் பக்கத்தில் உட்காருவார். அவர் தங்கை கல்யாணத்தில் நான் பந்தியில் உட்காருவேன். தப்பாக எழுதினால் ஒளிய இடம் கிடையாது. சரியாக எழுதினாலும் சில நாள் கிடையாது. என் ஒன்றுவிட்ட சித்தப்பா ரேஷன் அரிசி விவகாரத்தில் மாட்டியபோது வீட்டுக்கு வந்து காலில் விழாத குறையாகக் கேட்டார்கள். எழுதினேன். பத்து வருஷம் அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு எங்களை அழைக்கவில்லை.

2004 டிசம்பர் 25-ஆம் தேதி வெண்மணிக்குப் போயிருந்தேன், ஒவ்வொரு வருஷமும் போவதுபோல. 1968-ல் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்ட 44 பேர். அங்கே போய்ச் செத்தவர்கள் பெயரை ஒவ்வொன்றாக மனசுக்குள் வாசிப்பது எனக்குப் பழக்கம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கடல் வந்துவிட்டது. அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் நான் பார்த்ததை உன்னிடம் அப்போதே சொல்லி அழுதிருக்கிறேன். திரும்பச் சொல்லப்போவதில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல். ஆஸ்பத்திரிச் சுவரில் அடையாளம் தெரியாதவர்களின் போட்டோக்களை ஒட்டியிருந்தார்கள். அங்கே ஒரு அம்மா என் கையைப் பிடித்து நோட்டைத் தன் பக்கம் திருப்பியது. "எம்புள்ள பேரை எழுதிக்கங்க தம்பி. கணக்குல சேத்துடாதீங்க." ஈர நோட்டில் பென்சிலால் எழுதினேன். இனிஷியல், அப்பா பெயர், தெரு, வயசு ஏழு. அந்த நோட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது. எழுத்து அழியவில்லை.

கஜா புயல் வந்தது 2018 நவம்பர் 16 விடியற்காலை. நம் வீட்டு ஓடெல்லாம் பறந்த கதை உனக்குத் தெரியும். கரண்ட் இல்லை, டவர் இல்லை, செய்தி அனுப்ப மோட்டார் சைக்கிளில் மரங்களைத் தாண்டித் தாண்டித் தஞ்சாவூர் வரை போக வேண்டியிருந்தது. முத்துப்பேட்டைப் பக்கம் ஒரு தோப்பு. அந்தப் பெரியவர் ஒவ்வொரு தென்னையிலும் பெயின்டால் எண் போட்டு வைத்திருந்தார், காய் வெட்டுக் கணக்குக்காக. எல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்தன. அவர் ஒன்றிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு மரமாகக் குனிந்து எண்ணைத் தடவிப் பார்த்துக்கொண்டே போனார். நானும் பின்னால் போனேன். நாற்பதாம் எண் மரம் மட்டும் நின்றுகொண்டிருந்தது. அதனடியில் போய்க் கையை வைத்துக்கொண்டு நின்றார். கேள்வி எதுவும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதை அப்படியே எழுதினேன், மரம் மரமாக, எண் எண்ணாக. டெஸ்க்கில் யாரோ புண்ணியவான், வெட்டாமல் போட்டார். மறுநாள் டீக்கடையில் ஒரு பையன் அதைச் சத்தமாக வாசித்தான். நான் பின்னால் நின்று முகங்களைப் பார்த்தேன். யாரும் அசையவில்லை. தூணோரத்தில் அந்தக் கிழவி நிற்கிறதா என்று என் கண் தேடியது. அது போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் இருக்கும்.

எல்லாம் சாவுச் செய்தி என்று நினைத்துவிடாதே. நெல் ஜெயராமன் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா ஆரம்பித்த வருஷம் நான் எழுதியது ஆறு வரி. யார் யார் பேசினார்கள் என்ற பட்டியல். அடுத்த வருஷம்தான் கண் திறந்தது. இரண்டு கிலோ பாரம்பரிய விதை வாங்கிப்போகிறவர், விளைந்ததும் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். ஒரு விவசாயி துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தார், பையைத் தரையில் வைக்கவே இல்லை. கதை மேடையில் இல்லை, அந்தப் பைக்குள் இருந்தது. அப்படித்தான் 174 ரகம் வரைக்கும் மீண்டு வந்தது. கஜா அடித்த இருபதாம் நாள், டிசம்பர் 6-ஆம் தேதி ஜெயராமன் போய்விட்டார். அன்றைக்கு எழுதும்போது நான் அந்தத் துணிப்பையிலிருந்துதான் ஆரம்பித்தேன்.

சரி, மருமகள் விஷயம். மறைக்காமல் சொல்கிறேன். எனக்குக் கடைசி வரை பணி ஆணை கிடையாது, பி.எஃப். கிடையாது. பத்திரிகையாளர்களுக்கென்று 1955-லேயே சட்டம் போட்டார்கள். சென்டிமீட்டர் கணக்கில் எழுதுகிறவன்வரை அது எட்டவில்லை. பத்திரிகையாளர் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கக் கேட்கிற சான்று என்னிடம் இல்லை. உன் அக்கா தையல் மெஷின்தான் பையனைப் படிக்க வைத்தது. இது அநியாயம் என்று எனக்குக் கோபம் உண்டு, இன்னும் ஆறவில்லை. அவள் படித்துவிட்டுப் போனால் சம்பளத்துக்கு ஒரு தாள் கையில் வாங்கிக்கொண்டுதான் நோட்டைத் திறக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லு. ஆனால் படிக்க வேண்டாம் என்று என் கையால் எழுத முடியாது. எழுதினால் அது பொய்.

ஒன்று செய். மேட்டூர் அணையில் தண்ணீர் இருப்பதால் இந்த வருஷம் ஜூன் 12-ல் திறப்பது தவறாது என்று பேசிக்கொள்கிறார்கள். போன வருஷம் ஜூலை 28 வரை காத்துக் கிடந்தோமே, அந்த மாதிரி இருக்காது. மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து, நம் கடைமடைக்கு வர இன்னும் நாளாகும். கடைமடை வரை தண்ணீர் போய்விட்டது என்று அரசுக் குறிப்பு முதலில் வந்துவிடும். தண்ணீர் வந்திருக்காது. அந்தக் குறிப்பை வைத்து எழுதாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு முள்ளியாற்றுக் கரையோடு போய், வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கரிடம் கேட்டு, வயலுக்குப் போகிற கண்ணி வாய்க்கால்வரை பார்த்துவிட்டுத்தான் நான் எழுதுவேன். எழுதுவதை நிறுத்தினாலும் இந்த வருஷமும் போகத்தான் போகிறேன். அந்த நாளைக்கு அவளை அனுப்பி வை. வாய்க்காலில் முதல் தண்ணீர் நுரையும் சருகுமாக நாக்கை நீட்டிக்கொண்டு வரும், வெடிப்புக்குள் இறங்கும்போது சளசளவென்று ஒரு சத்தம் கேட்கும், வளைக்குள்ளிருந்து நண்டுகள் ஓடும், சின்னப் பிள்ளைகள் தண்ணீருக்கு முன்னால் ஓடுவார்கள். கரையில் பெரியவர்கள் யாரும் பேசாமல் நிற்பார்கள். அவள் பார்க்கட்டும். பார்த்ததை எழுதித் தரட்டும், நான் படிக்கிறேன்.

உன் அக்கா அவளுக்காக மாவடு போட்டு வைத்திருக்கிறாள். நோட்டு அவள் கொண்டுவரட்டும், பென்சில் என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
உன் மச்சான்