பிளேஸ் சொன்னது அவ்வளவு இல்லை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. 'மனம் என்பது மூளைதான் என்றவர்' என்று பிரிட்டிஷ் தத்துவவாதி யு. டி. பிளேஸை ஒரே வரியில் முடித்துவிட்டாய். அவர் அவ்வளவு தூரம் போகவில்லை. 1956இல் பிரிட்டிஷ் உளவியல் இதழில் வந்த அவருடைய கட்டுரை ஏழே பக்கம்தான். நம்பிக்கை, விருப்பம், நோக்கம் ஆகியவற்றை மூளை நிகழ்வுகள் என்று அதில் அவர் சொல்லவே இல்லை. அவை ஒருவர் நடந்துகொள்ளும் இயல்புகள் என்று தன் ஆசிரியர் கில்பர்ட் ரைல் சொன்னதையே ஏற்கிறார். வலி, பின்பிம்பம் (ஒன்றை உற்றுப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிய பிறகும் தெரியும் நிறத்தடம்), மனக்காட்சி என்று அந்த விளக்கத்துக்குள் அடங்காதவை மட்டுமே மூளை நிகழ்வுகள் என்கிறார். மற்ற எல்லாவற்றையும் சேர்த்தவர் ஆஸ்திரேலியத் தத்துவவாதி ஆம்ஸ்ட்ராங், 1968இல். நீ சொன்ன வரி அவருக்குத்தான் பொருந்தும்.

மூளையைப் பற்றி எதுவும் தெரியாதவனுக்கும் தன் வலி தெரிகிறதே என்று கேட்டிருக்கிறாய். மேகம் நீர்த்துளிகளின் திரள் என்று தெரியாமலும் மேகத்தைப் பார்க்கலாம் என்பது பிளேஸின் பதில். 'சதுரம் சமபக்கச் செவ்வகம்' என்பது சொல்லின் பொருளிலேயே இருக்கிறது. 'அவன் மேசை ஒரு பழைய பெட்டி' என்பதைப் போய்ப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நனவு பற்றிய தன் கூற்று இந்த இரண்டாவது வகை, சோதித்துப் பார்க்க வேண்டிய அறிவியல் கருதுகோள் என்கிறார்.

கட்டுரையின் உயிர் பச்சைப் பின்பிம்பம் பற்றிய பகுதியில் இருக்கிறது. ஒருவருக்குப் பச்சைப் பின்பிம்பம் தெரிகிறது. மண்டைக்குள் பச்சையாக எதுவும் இல்லை. அப்படியானால் அந்தப் பச்சை எங்கே? எங்கும் இல்லை. பச்சைப் பொருளைப் பார்க்கும்போது என்னுள் நடப்பது போன்ற ஒன்று இப்போதும் நடக்கிறது என்பதுதான் பின்பிம்பம் தெரிகிறது என்று ஒருவர் சொல்வதன் பொருள். உள்ளே ஒரு திரை இருப்பதாகவும் அதில் ஓடும் படத்தை வருணிப்பதாகவும் எண்ணுவதை நிகழ்வியல் பிழை என்கிறார் பிளேஸ். இதைத் தாண்டாமல் மேற்கொண்டு படிப்பது வீண்.

ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் 1951 முதல் 1954 வரை பிளேஸ் கற்பித்தபோது, அங்கிருந்த தத்துவவாதி ஸ்மார்ட் ரைலின் பக்கம் நின்று முதலில் இந்தக் கருத்தை மறுத்தார். பிறகு மனம் மாறி 1959இல் ஆதரித்தே எழுதினார். தன் மூளையைப் பிளேஸ் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே எழுதிவைத்தார். யு. டி. பிளேஸின் நனவு இந்த மூளையில் இருந்ததா என்ற கேள்வியோடு அதைக் காட்சிக்கு வைத்தார்கள். குறும்புக்காரர்!

எனக்கு உறுத்துவது அமெரிக்கத் தத்துவவாதி கிரிப்கியின் ஆட்சேபம்தான். மேகம் தூரத்தில் வேறாகத் தோன்றலாம். வலிக்கோ, வலிப்பதைத் தவிர வேறு தோற்றம் கிடையாது. மேக உதாரணம் அங்கே நொண்டுகிறது என்றே நினைக்கிறேன். ஸ்மார்ட்டுக்கு முன் கிரிப்கியைப் படித்துவிட்டு எழுது.

அன்புடன்,
ராகவன்