நிர்மல்ஜித் சிங் சேகோன்: சண்முகத்துக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனம் ஆறியது. இங்கே எல்லோரும் நலம். தம்பி மகளுக்குத் தையில் கல்யாணம். பத்திரிகை தனியாக வரும்.

டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் 1971 பாகிஸ்தான் போரில் உயிர்விட்ட நம் விமானி சேகோனின் சிலையையும், அருகில் நிற்கும் நாட் என்ற சிறிய போர் விமானத்தையும் பார்த்த உன் பேரன், "இவர் எத்தனை விமானத்தைச் சுட்டார்?" என்று கேட்டதாக எழுதியிருந்தாய். என்னைக் கேட்டால், அந்தக் கணக்கிலிருந்து தொடங்காதே. ஒன்றைத் தாக்கி, இன்னொன்றைத் தீப்பற்றச் செய்தார் என்கிறது, நாட்டின் மிக உயர்ந்த போர் வீர விருதான பரம் வீர் சக்ராவை அவருக்குக் கொடுத்தபோது எழுதிய சான்றுரை. பாகிஸ்தான் தரப்பு அதை ஏற்பதில்லை. அந்த வழக்கு தீராது. அவர் எப்படிக் கிளம்பினார் என்பதைச் சொல்.

1971 டிசம்பர் 14, ஸ்ரீநகர், காலை நேரம். பாகிஸ்தானின் பெஷாவரிலிருந்து ஆறு சேபர் போர் விமானங்கள் வந்து ஓடுதளத்தில் குண்டு வீசுகின்றன. 1948 உடன்பாட்டின்படி அந்நாளில் அமைதிக் காலத்தில் அங்கே போர் விமானங்கள் நிறுத்தப்பட்டதில்லை. அதனால் சேகோனுக்கு அந்த மலைகளும் பழக்கமில்லை, உயரமும் குளிரும் பழக்கமில்லை. லூதியானா பக்கம் இஸேவால் கிராமத்துப் பிள்ளை அவர். அப்பாவும் விமானப்படையில் இருந்தவர். மணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. படையில் எல்லோருக்கும் அவர் 'பிரதர்'.

இரண்டு நாட் விமானங்கள் தயார் நிலையில் இருந்தன. ஒன்றில் சேகோன், இன்னொன்றில் அவருடைய சக விமானி குமன். குமன் முதலில் ஓடி எழும்பினார். அவருடைய விமானம் கிளப்பிய புழுதியில் முன்னால் எதுவும் தெரியாததால், சேகோன் சற்றுப் பொறுக்க வேண்டியிருந்தது. குண்டு விழுந்துகொண்டிருக்கும் ஓடுதளத்தில், இறக்கை முனைக்கு முனை ஏழு மீட்டர்கூட இல்லாத ஒரு விமானத்துக்குள் அமர்ந்து புழுதி அடங்கக் காத்திருக்கிறார், சண்முகம். அந்தச் சில விநாடிகளைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். கிளம்பாமல் இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் கிளம்பினார்.

மேலே போனதும் குமனின் பார்வையிலிருந்து அவர் விலகிவிட்டார்; பனிமூட்டம் அப்படி. அதன்பின் தனி ஆள். குண்டு வீசிவிட்டுத் திரும்பிய சேபர்களின் பின்னால் போய், மரங்களின் உச்சி உயரத்தில் சுற்றிச் சுற்றிச் சண்டையிட்டார். தன் விமானம் அடிபட்டுவிட்டதாகத் தோன்றுகிறது என்றும், வந்து இவர்களைப் பிடியுங்கள் என்றும் ரேடியோவில் குமனிடம் சொன்னதுதான் அவர் கடைசியாகப் பேசியது. தன்னைக் காப்பாற்றச் சொல்லவில்லை, பார்த்தாயா? விமானத்தின் சிதைவுகள் ஒரு பள்ளத்தாக்கில் கிடைத்தன. ராணுவமும் விமானப்படையும் பலமுறை தேடியும் உடல் கிடைக்கவே இல்லை. மகனுக்குக் கொள்ளி வைக்கக்கூட அந்தத் தகப்பனுக்கு வாய்க்கவில்லை. எனக்கும் ஒரே மகன் என்பதால் இந்த இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை.

பேரனிடம் இதையும் சொல். அன்று எதிரில் பறந்த பாகிஸ்தான் விமானி சலீம் பெய்க் மிர்ஸா, பிற்காலத்தில் அந்தச் சண்டையைப் பற்றி எழுதியபோது சேகோனின் திறமையை மனம் திறந்து பாராட்டியிருக்கிறார். அவரோடு உயிரைப் பணயம் வைத்து மோதியவரின் சொல் அது. நம் பக்கத்து மேடைகளில் கேட்ட புகழுரைகளைவிட அதற்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

இன்றுவரை விமானப்படையில் பரம் வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவர்தான். அவர் இருந்த விமானப் பிரிவான 18-ஆம் ஸ்குவாட்ரன் சில வருடம் கலைக்கப்பட்டிருந்து, 2020-இல் நம் நாட்டிலேயே தயாரான தேஜஸ் போர் விமானங்களோடு நம் சூலூரில்தான் மீண்டும் தொடங்கப்பட்டது. நம் ஊருக்கு அதில் ஒரு பங்கு இருப்பதில் எனக்குப் பெருமைதான், உனக்கும் இருக்கும்.

கல்யாணத்துக்குப் பேரனையும் அழைத்து வா. அவன் கேட்கும் மிச்சக் கேள்விகளுக்கு நான் பொறுப்பு. பொங்கல் கூட்டத்தில் ரயிலில் இடம் கிடைக்காது, டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடு. கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவதை நிறுத்திவிடாதே.

அன்புடன்,
வேலுச்சாமி